பக்கமும் பாக்கமும்: ஒரு வாடகை வீட்டு ஆராய்ச்சி

'பக்கம்தான் சார்' என்னும் தொடருக்குப் பொருள் காண்பதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுக் களம் சென்னை. அதிலும் அடையாற்றுக்குத் தெற்கே, ஐ.டி. கம்பெனிகள் முளைத்த, ஓஎம்ஆர் எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலையும் அதைச் சுற்றிய ஊர்களும். கட்டுரையாளர் ஒரு சூட்கேசும் இரண்டு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாயுமாக நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து தாம்பரத்தில் இறங்கிய விடியற்காலை முதல் இன்றுவரை ஆய்வுக் காலம். தகவலாளிகள்: புரோக்கர் பதினொருவர், வீட்டுக்காரர் பத்தொன்பது பேர், அம்மா ஒருவர்.

முதலில் சொல்லாராய்ச்சி. சென்னையில் எந்தத் திசையில் போனாலும் ஒரு பாக்கம் வந்துவிடும். நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், துரைப்பாக்கம், காரப்பாக்கம், கேளம்பாக்கம். பகரம் வகரமாகத் தேய்ந்த இடங்களில் மேடவாக்கம், புரசைவாக்கம், வில்லிவாக்கம். பாக்கம் என்றால் நெய்தல் நிலத்து ஊர், கடலோரக் குடியிருப்பு என்று நிகண்டுகள் சொல்லும். சொல்லட்டும். நிகண்டு செய்தவர்கள் யாரும் கோடம்பாக்கத்தில் வாடகைக்கு வீடு தேடியவர்கள் அல்லர். கள ஆய்வு தரும் விளக்கம் வேறு. ஆதியில் இவ்வூர்கள் எல்லாம் 'பக்கம்' என்றே வழங்கின. புரோக்கர் சொன்னதை நம்பி மக்கள் நடந்தார்கள். போகப் போக ஊர் வரவில்லை. நடந்த களைப்பில் முதலெழுத்து நீண்டு பாக்கம் ஆயிற்று. குறில் நெடிலானதற்கு இதைவிடப் பொருத்தமான காரணத்தை இலக்கணம் எனக்குக் காட்டவில்லை. (நிகண்டுக்கு இன்றும் அடங்கி நடக்கும் பாக்கம் பட்டினப்பாக்கம். மெய்யாகவே கடலோரத்தில் இருக்கிறது. கட்டுரையாளரின் சம்பளத்துக்கு அங்கே கடற்காற்று மட்டுமே கிடைக்கும் என்பதால் அது ஆய்வில் சேர்க்கப்படவில்லை.)

இனி அளவையியல். சென்னையில் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்பவர்கள் ஆட்டோக்காரரிடம் மீட்டர் போடச் சொல்லிச் சண்டை பிடிப்பவர்கள் மட்டும்தான். மற்றவர்கள் நிமிடத்தில் சொல்வார்கள். அஞ்சு நிமிடத்தில் பஸ் ஸ்டாப், இருபது நிமிடத்தில் ஷோலிங்கநல்லூர், என்மனார் புரோக்கர். அந்த நிமிடம் எந்த நாளில் அளந்தது என்று கேட்பது மரபன்று. நான் கேட்டேன். மேடவாக்கத்துப் புரோக்கர் தலையைச் சொறிந்துகொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "லாக்டவுன்ல சார்" என்றார். நேர்மையான மனிதர். அவரிடமே வீடு எடுத்தேன்.

மேடவாக்கம் கூட்ரோட்டிலிருந்து ஷோலிங்கநல்லூர் சிக்னல் ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு பைக்கில் போனால், பால் பாக்கெட் வியர்ப்பதற்குள் போய்த் திரும்பிவிடலாம். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அதே தூரத்தில் ஒருவர் முழு நாதஸ்வரக் கச்சேரியைக் காதில் மாட்டிக் கேட்டு முடிக்கலாம். தனி ஆவர்த்தனத்தின்போதுதான் சிக்னல் விழும். ஓஎம்ஆரில் ஏறினால் நடுவில் தகரம். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வரப்போகும் மெட்ரோவுக்காக அடைத்திருக்கிறார்கள். அத்தடம் அடங்கிய இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர். புரோக்கர் பேச்சில் அந்த ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. வாடகையிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. சாலைக்கு மட்டும் இன்னும் வரவில்லை.

வீட்டுக்காரர் வாயில் 'பக்கம்' வேறு பொருள் கொள்ளும். கீழ்வரும் உரையாடல் ஒரு வீட்டு வாசலில், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது பதிவானது.

"தம்பிக்கு எந்தப் பக்கம்?"

"திருநெல்வேலி, ஆன்ட்டி."

"டவுனா, பக்கத்துல கிராமமா?"

"பாளையங்கோட்டை."

"அங்க எந்தத் தெரு?"

எங்கள் ஊரில் தெருப் பெயர் தெரிந்தால் மிச்சமும் தெரிந்துவிடும். அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு தெருவை அந்த அம்மாள் தெரிந்துகொள்ள விரும்பியது புவியியல் ஆர்வத்தால் அல்ல. நான் மாவட்ட நூலகத்தை அடையாளம் சொன்னேன். அவர் நூலகத்தில் திருப்தி அடையவில்லை. "சாப்பாடு எப்படி, வெஜ்ஜா?" என்றார், அதே வினாவின் சுருக்கெழுத்து. சாதி என்ற சொல் பத்தொன்பது வீடுகளில் ஒன்றில்கூட உச்சரிக்கப்படவில்லை. பதினான்கில் கேட்கப்பட்டது. 'ஃபேமிலிக்கு மட்டும்' என்ற அட்டை தொங்கிய மூன்று வீடுகளில் அம்மாவின் புகைப்படத்தைக் காட்டிப் பார்த்தேன். அம்மா ஃபேமிலி ஆகாதாம், மனைவி வேண்டும். கல்யாணம் ஆகாதவனுக்கு வீடு கிடையாது, வீடு இல்லாதவனுக்குப் பெண் கிடையாது என்னும் இவ்வட்டத்தைத் தருக்க நூலார் எப்பெயரால் வழங்குவரோ அறியேன். திருவல்லிக்கேணியில் அதற்கு மேன்ஷன் என்று பெயர். இரண்டு மாதம் அங்கே இருந்தேன்.

செல்போன் வரைபடத்தில் ஷோலிங்கநல்லூர் ஆபீஸை நடுவில் வைத்து ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுக்கொண்டுதான் ஆய்வைத் தொடங்கினேன். பத்தொன்பது வாசல் ஏறி இறங்கியபின், எனக்கென்று மிஞ்சிய வீடு அந்த வட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர் வெளியே இருந்தது.

அதற்கு அட்வான்ஸ் பத்து மாத வாடகை. 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. பட்சம் என்ற வடசொல்லே தமிழில் பக்கம் ஆயிற்று என்று அகராதிகள் உறவு சொல்லும். அது மெய்தான் போலும். 'இல்லாத பட்சத்தில்' என்ற அந்தச் சின்னச் சந்துக்குள்தான் மீதி ஏழு மாதமும் குடித்தனம் நடத்துகின்றன.

மூன்றாவது தகவலாளியான அம்மா, ஆபீஸ் எவ்வளவு தூரம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "எய்யா, தண்ணி எப்படி இருக்கு?" என்பதே அவர் வினாநிரல் முழுவதும். தாமிரபரணியைக் குடித்து வளர்ந்தவர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் கைவிட்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் ஒரு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்ததை டி.வி.யில் பார்த்தவர். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊர் அன்று வில்லிவாக்கத்துக்குப் பக்கமாயிற்று. அதைப் பார்த்தபின் என் மகனுக்குச் சென்னையில் வேலை என்று பெருமைப்படுவதில் அம்மாவுக்கு ஒரு தயக்கம் வந்துவிட்டது. மேடவாக்கத்துத் தண்ணீரைப் பற்றி அவரிடம் மேலோட்டமாகவே அறிக்கை சமர்ப்பித்திருக்கிறேன். வாளியில் பிடித்து வைத்தால் காலையில் அடியில் காவி படிந்திருக்கும்.

தண்ணீர் இல்லாதது பாதிக் கதை. மறு பாதிக்கு ஊர்ப் பெயர்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். புரோக்கரைப் போலன்றிப் பெயர்கள் பொய் சொல்வதில்லை. தாங்கல் என்றால் சிற்றேரி. பழவந்தாங்கல் சுரங்கப்பாதை ஐப்பசியில் அதை நினைவுபடுத்தும். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒன்று இருக்கிறது. லேக் இல்லை, வியூவும் இல்லை. அங்கே நீண்டு கிடந்த ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகரை அமைத்தார்கள். மழைக்காலத்தில் ஏரி பழைய முகவரிக்கு வந்து விசாரித்துவிட்டுப் போகும். அதற்கு யாரும் அட்வான்ஸ் கேட்பதில்லை.

வேளச்சேரியில் ஒரு வீட்டுக்காரர், "எல்லாமே பக்கம் தம்பி. ரயில்வே ஸ்டேஷன் பக்கம், மால் பக்கம். மழைக்காலத்துல மட்டும் கொஞ்சம்..." என்று நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தை 2015 டிசம்பர் வெள்ளம்தான் முடித்து வைக்கும். இப்போதெல்லாம் கனமழை எச்சரிக்கை வந்ததுமே அப்பகுதிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக ஏற்றி நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்கள். 2024 அக்டோபரில் அபராதம் போடப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோதும் யாரும் இறக்கவில்லை. குடியிருப்புத் தேர்வில் மனிதரைவிடக் கார்களே தெளிவாக இருக்கின்றன என்று இதனால் பெறப்படும்: மேடான இடம், இருபுறமும் தெரிந்த முகங்கள், எந்தத் தெரு என்ற கேள்வி கிடையாது.

மேடவாக்கத்திலிருந்து ஆபீஸ் போகும் வழியில் பெரும்பாக்கம் வரும். அங்கே அடுக்கடுக்காக வாரியக் குடியிருப்புகள். கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் குடிசை போட்டிருந்தவர்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் அப்படித்தான். வேலை மயிலாப்பூரிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் இருக்க, வீடு மட்டும் இங்கே வந்தது. வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் இருட்டு விலகுமுன் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் யாரும் எந்த ஏரியா பிடிக்கும் என்று கேட்டிருக்க மாட்டார்கள். பத்தொன்பது வீடு பார்த்துப் பத்தொன்பதிலும் குறை சொன்ன கட்டுரையாளர், அந்த இடத்தைக் கடக்கும்போது காதில் மாட்டிய நாதஸ்வரத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்வார். அதற்கு மேல் எதுவும் செய்ததில்லை.

பக்கம் என்பது ஓரிடத்தில் நிற்கும் பொருளா என்பதையும் ஆராய வேண்டும். கோயம்பேட்டில் 2002இல் பேருந்து நிலையம் வந்தபின், ஊருக்குப் போக வசதி என்று அரும்பாக்கத்திலும் விருகம்பாக்கத்திலும் வீடு பிடித்த எங்கள் ஊர்க்காரர்கள் பலர். தீபாவளிக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போய்ப் பஸ் ஏறுவதை மற்றவர்களிடம் சொல்லிக் காட்டுவார்கள். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் முனையம் திறந்தது. தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே போய்விட்டன. இப்போது அவர்கள் முதலில் கிளாம்பாக்கத்துக்கு ஒரு பயணம் போய், அதன்பின் ஊருக்குப் போகிறார்கள். அது மட்டும் என்ன ஊர்? இன்னொரு பாக்கம்!

இவ்வாய்வு இந்த இடத்தை எட்டியபோது, எங்கள் ப்ராஜெக்டை அம்பத்தூருக்கு மாற்றுவதாக மெயில் வந்தது. ஷோலிங்கநல்லூரிலிருந்து அம்பத்தூர் கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர். பத்து மாத அட்வான்ஸில் பெயின்ட் செலவுக்கு எவ்வளவு பிடிப்பது என்று வீட்டுக்காரர் இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்பத்தூரில் ஒரு புரோக்கரிடம் பேசிவிட்டேன். கொரட்டூரில் இருக்கிறதாம். எவ்வளவு தூரம் என்று நான் கேட்கவில்லை.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு தகவல். வருகிற ஒன்றாம் தேதி மேடவாக்கத்தில் ஒரு வீடு காலியாகிறது. ஒரே படுக்கையறை, இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. கேன் போடும் தம்பி மாடி ஏறப் பத்து ரூபாய் கூடக் கேட்பார். போர்த் தண்ணீரில் குளிக்கலாம், குடிக்க முடியாது. மழை வெள்ளம் இதுவரை இரண்டாம் படியைத் தாண்டியதில்லை. வேண்டியவர்கள் நேரில் வந்து பார்க்கலாம். ஷோலிங்கநல்லூர் பக்கம்தான்.