கையில் கிடைத்த கார்டையெல்லாம் கலப்பது எப்படி?

பழைய புரோ டூல்ஸ் எச்டி ஒலிப்பதிவுக் கார்டுகள் இப்போது மலிவு. உங்களிடம் ஏற்கெனவே இரண்டு இருக்கும். என்ன கார்டு என்று தெரிந்திருக்காது. பரவாயில்லை. கீழே உள்ளவற்றில் பாதியைச் செய்தும் முடித்திருப்பீர்கள். மீதியை ஒழுங்காகச் செய்வோம்.

1. பெயரில் பாதி பொருந்தினால் பணத்தை அனுப்புங்கள். மிக்ஸ் கோர், எச்டி கோர், எல்லாம் கோர்தானே! மிக்ஸ் 90களின் சரக்கு, எச்டி 2002இல் வந்தது, இரண்டும் ஒரே சிஸ்டத்தில் சேராது என்று யாராவது சொல்வார்கள். அவர்களுக்குப் பொறாமை.

2. படம் கேட்காதீர்கள். கேட்டே தீருவேன் என்றால் பின்பக்கத் தகட்டை மட்டும் கேளுங்கள். கோர், புராசஸ், அக்செல் என எந்த எச்டி கார்டானாலும் அங்கே டிஜிலிங்க் கேபிள் செருகும் இடம் ஒன்று தெரியும். சிப் பக்கத்தைப் பார்த்தால் விஷயம் வெளிவந்துவிடும்: எல்லாவற்றிலும் 9 மோட்டோரோலா சிப்கள்தான், ஆனால் 2003இல் வந்த அக்செலில் இருப்பவை வேகமானவை. ஒன்பது என்றால் ஒன்பது. புராசஸ் கார்டுக்கு அக்செல் விலை கொடுங்கள்.

3. கணினியில் என்ன ஸ்லாட் என்பதைக் கார்டு வந்த பிறகு பாருங்கள். ஆப்பிள் தன் ஜி5 கணினியில் 2005 அக்டோபரில் பிசிஐ-எக்ஸை விட்டுவிட்டு பிசிஐ எக்ஸ்பிரஸுக்கு மாறிவிட்டது. பிசிஐ கார்டு அதில் இறங்காது. கட்டைவிரலால் அழுத்துங்கள். அப்படியும் இறங்காவிட்டால் உள்ளங்கை இருக்கிறதே.

4. கோர் கார்டு முதலில் வர வேண்டும், மற்றவை அதன் பின்னால் வரிசையாக, ஃபிளெக்ஸ் கேபிள் அதே வரிசையில் என்று கையேடு சொல்லும். கையேட்டை மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்குக் கொடுங்கள். காலியாக இருக்கும் ஸ்லாட்டில் போடுங்கள். கேபிள் எட்டவில்லையா? இழுங்கள், எட்டும்.

5. இப்போது கார்டுகளைச் சோதிக்கும் டிஜிடெஸ்ட் மென்பொருளை ஓட்டுங்கள். சோதனையின்போது காதைப் பிளக்கும் இரைச்சல் வரலாம், மானிட்டரின் ஒலியைக் குறைத்துவிடுங்கள் என்று எச்சரிப்பார்கள். முழுசாகக் கூட்டி வையுங்கள். தயாரிப்பாளரை சோபாவில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்துவிட்டு ஆரம்பிப்பது உத்தமம்.

6. ரிவெர்ப் பிளக்-இன் ஒன்று திறக்க மறுக்கும். ‘சிஸ்டம் யூசேஜ்’ பக்கம் மட்டும் போகாதீர்கள். எந்தக் கார்டு எது, எந்த சிப் சும்மா இருக்கிறது என்று அது அப்பட்டமாகக் காட்டிக்கொடுத்துவிடும். சில பிளக்-இன்கள் அக்செல் சிப்பில்தான் ஓடும். புராசஸ் கார்டு முழுக்கக் காலியாகக் கிடந்தாலும் சீண்டாது. இதெல்லாம் தெரிந்துவிட்டால் ராத்திரிக்கு என்ன வேலை? பிளக்-இன்னை நீக்கி மறுபடி நிறுவுங்கள். அடுத்து புரோ டூல்ஸை. அடுத்து மேக்கையே.

7. இன்னும் பலம் வேண்டுமா? 2011இல் வந்த எச்டிஎக்ஸ் ஒன்றை வாங்கிப் பக்கத்திலேயே செருகுங்கள். அதில் 18 சிப்கள், அதுவும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரிப்பு. உங்கள் பழைய கார்டுகளில் ஓடும் டிடிஎம் வகைப் பிளக்-இன் எதுவும் அதில் ஓடாது. பழைய கார்டுகளோடு ஒரே சிஸ்டத்தில் அது வேலையும் செய்யாது. கூட்டிப் பாருங்கள்: 9, 9, 18. மொத்தம் 36 சிப் ஸ்டுடியோ என்று விசிட்டிங் கார்டில் போடலாம்.

8. எச்டிஎக்ஸைக் கழற்றிய ஒரு நாளில், உங்கள் முயற்சி அத்தனையையும் மீறி, எல்லாம் ஓட ஆரம்பிக்கும். பதறாதீர்கள். டிடிஎம் கார்டுகளை ஏற்றுக்கொண்ட கடைசிப் பதிப்பு புரோ டூல்ஸ் 10. நாளை காலை பாட்டு ரெக்கார்டிங் இருக்கிறதென்றால் இன்றிரவே பதிப்பு 11க்கு மாறிவிடுங்கள். கோர், புராசஸ், அக்செல் என்ற பேதமெல்லாம் ஒழிந்துபோகும், எதுவும் ஓடாது. எது எந்தத் தலைமுறை என்று இனி நீங்கள் கண்டுபிடிக்கவே வேண்டாம்.