டேமேஜ் மாமா

காலை ஆறரைக்கெல்லாம் குன்னம் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் டேமேஜ் மாமா உட்கார்ந்திருப்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு உண்டு. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. இப்படி ஒருவர் இல்லாத ஊர் கிடையாது. வேப்பூரில் ஒருத்தர், செந்துறையில் ஒருத்தர் என்று கேள்வி. ஆனால் எங்கள் ஆள் அளவுக்கு உழைப்பு அவர்களிடம் இல்லை.

எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் புரட்டிப் பார்ப்பார். புது செல்போனா? நகத்தால் நாலு மூலையையும் தட்டுவார். ஒன்றும் அகப்படாவிட்டால், “டேமேஜ் உள்ளுக்குள்ள இருக்கு மாப்ள, போகப் போகத் தெரியும்” என்று திருப்பிக் கொடுப்பார். வாங்கியவன் அன்றைக்கு ராத்திரி தூங்க மாட்டான்.

ஒடிந்தது, கிழிந்தது, நசுங்கியது, நமுத்தது, ஊசிப்போனது, மானம் போனது எல்லாமே அவருக்கு டேமேஜ்தான். பந்தியில் உப்புக் கூடினால் “ரசம் டேமேஜ்.” தாடி விட்டுக்கொண்டு திரிகிற பையனுக்கு “மனசு டேமேஜ்.” உள்ளாட்சித் தேர்தலில் டெபாசிட் போனவருக்கு “டோட்டல் டேமேஜ்.” சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன், ஆபீசில் மேனேஜரை டேமேஜர் என்றுதான் கூப்பிடுவோம் என்று சொன்ன அன்று, படிக்க வைத்த காசு வீண் போகவில்லை என்று மாமாவுக்கு ஏக திருப்தி.

பெண் பார்க்கப் போகிறவர்கள் அவருக்குத் தெரியாமல்தான் வண்டி பிடிப்பார்கள். ஒருமுறை ஆள் குறைகிறதே என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் முடிந்து, “உங்களுக்கும் சம்மதந்தானே?” என்று பெண்ணின் அப்பா பொதுவாகக் கேட்டார். “பொண்ணு தங்கம். போர்ட்டிகோ தூண்லதான் லேசா டேமேஜ்.” கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாமாவுக்குப் பத்திரிகை மட்டும் தபாலில் வந்து சேர்ந்தது, தேதி முடிந்த பிறகு. அத்தை புதுப் புடவையை விரித்துக் காட்டும்போது மட்டும் மாமா செருப்பைத் தேடுவார்.

அது ஒன்று தவிர, மனிதர் கருத்துச் சொல்லாத பொருள் மாவட்டத்தில் இல்லை. எங்கள் பெரம்பலூர் மாவட்டத்தைப் பற்றியே கருத்து உண்டு. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூரைப் பிரித்தார்கள். 2001இல் அதிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள். 2002இல் திரும்ப ஒட்டினார்கள். 2007இல் மறுபடி பிரித்தார்கள். “ஒட்டுன சாமான் நிக்காது மாப்ள” என்பது மாமாவின் தீர்ப்பு. கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன மருமகளைச் சமாதானம் பேசி அழைத்துவரப் போன இடத்தில் அவர் இந்தத் தீர்ப்பைச் சொன்னார் என்பதுதான் சங்கடம்.

வெளியூர் விருந்தாளிகளைச் சாத்தனூர் கல்மரத்துக்கு அழைத்துப் போவதும் அவர்தான். 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகவே மாறிப்போன அடிமரம். 1940இல் எம்.எஸ்.கிருஷ்ணன் என்ற புவியியலாளர் கண்டு சொன்னது. வயது 12 கோடி ஆண்டு. இந்தப் பக்கமெல்லாம் கடலாகக் கிடந்த காலத்து மரம். விருந்தாளிகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கையில் மாமா குனிந்து விரிசலைத் தடவுவார். “12 கோடி வருஷம் ஆச்சே மாமா!” என்றால், “அதான் சொல்றேன், மெயின்டனன்ஸ் இல்ல” என்பார்.

2020இல் குன்னத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று செல்போனுக்குச் செல்போன் படம் பறந்தது. முட்டையும் இல்லை ஒன்றும் இல்லை, அம்மோனைட் என்ற பழைய கடலுயிரின் மிச்சம் சேர்ந்த படிவம் என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்கினார்கள். மாமாவுக்கு இரண்டு கட்சியிலும் அக்கறை இல்லை. “எதுவா இருந்தா என்ன, ரெண்டு மூணு விண்டுல்ல கெடக்கு?”

அவருக்கு அரசாங்கத்தின் மேல் மரியாதை வந்தது 2015இல். அதுவரை பாதிப் பயிர் போனால்தான் இயற்கைப் பேரிடர் நிவாரணம். அந்த வருஷம் மத்திய அரசு அதை 33 சதவீதமாக இறக்கியது. தன் தொழிலுக்கு டெல்லியிலேயே அளவுகோல் இருக்கிறது என்று தெரிந்ததும் மாமா சதவீதத்துக்கு மாறிவிட்டார். “இந்தச் செருப்பு 40.” “உன் பைக்கு 25, நிவாரணம் கெடையாது.” டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு மாஸ்டரை நிமிர்ந்து பார்ப்பார். “33-ஐத் தாண்டிருச்சு தம்பி. மனு எழுதலாம்.”

பிறகு 2018 வந்தது. அமெரிக்காக் கண்டத்துப் படைப்புழு 2016இல் ஆப்பிரிக்காவில் இறங்கி, 2018 மே மாதம் கர்நாடகத்தில் தலைகாட்டி, அந்த மழைக்கே எங்கள் மக்காச்சோளத்துக்குள் புகுந்துவிட்டது. அதன் அந்துப்பூச்சி ஓர் இரவில் 100 கிலோமீட்டர் பறக்குமாம். குன்னத்தில் நின்று பஸ் பிடித்தவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும். மானாவாரி மக்காச்சோளத்தை நம்பிக் கிடக்கிற சீமை இது. குருத்துக்குள் புழு உட்கார்ந்துகொண்டு இலையைச் சல்லடையாக்கியது. மரம் அறுத்த தூள் மாதிரி எச்சம் குருத்தில் வழிந்தது.

அந்த வாரம்தான் முதல்முறையாக மாமாவை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். அதிகாரிகள் வருவதற்குள் ஒரு கணக்குத் தெரிந்தால் தேவலை என்று, யார் யாரோ அவரைப் பைக்கில் உட்காரவைத்துக் காடு காடாகச் சுற்றினார்கள். மாமா வாயே திறக்கவில்லை. வரப்பில் நடந்தார், குருத்தைப் பிரித்தார், மூடினார். சதவீதம் வரவில்லை. அவருடைய சொந்தக் காட்டிலும் அப்படித்தான்.

கடைசிக் காட்டில் காட்டுக்காரர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். “என்ன மாமா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?”

மாமா குருத்துக்குள் விரலை விட்டுப் புழு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் போட்டார். தலையில் கவிழ்த்துப் போட்ட கவட்டை மாதிரி வெள்ளைக் கோடு. வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி. வேளாண்மைத் துறைக்காரர்கள் சொன்ன அடையாளம் அச்சு மாறாமல் இருந்தது. குச்சியால் புரட்டினார். அது சுருண்டு, நிமிர்ந்து, தெம்பாக நகர்ந்தது.

“இதுல ஒரு டேமேஜும் இல்ல மாப்ள.”

“நேத்துதான் மாமா மருந்து அடிச்சேன்!”

“அப்படிச் சொல்லு. மருந்து டேமேஜ்.”