கலர்த்தம்பி

திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் கணினி வேலை பார்க்கும் பொடியன்களில் ஓர் இனம் உண்டு. உடுப்பைக் கொண்டு அவர்களைக் கண்டுபிடிக்க முடியாது. கிழமையில் ஏழு நாளும் அதே வெளிறிப்போன சாம்பல் ரீசேட்தான். திரையை எட்டிப் பார்க்க வேண்டும். கறுப்பில் நாலு வரி ஓடினால் போதும் என்று நாங்கள் நினைக்கும் டெர்மினல், அவர்கள் கைக்குப் போனால் கோயில் திருவிழாக் கடைத்தெருவாகிவிடும். எங்கள் கந்தோரில் இருப்பவனுக்குக் கலர்த்தம்பி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. 27ஆம் எண்ணுக்குரிய, கண்ணுக்குத் தெரியாத ‘எஸ்கேப்’ எழுத்து, பின்னால் ஒரு சதுர அடைப்பு, 31, ஒரு சின்ன ‘எம்’. அதற்குப் பிறகு வருவதெல்லாம் சிவப்பு. 32 பச்சை, 33 மஞ்சள், 34 நீலம். 1 தடிப்பு, 4 அடிக்கோடு, 5 மினுக்கம். 0 போட்டால் எல்லாம் பழையபடி. 1978இல் வந்து இந்தக் குறிமுறையைப் பிரபலமாக்கிய விடி-100 முனையத்துக்கு நிறமே கிடையாது என்பது வேடிக்கை. பிறகு எட்டு நிறம் வந்தது, 256 வந்தது, இப்போது ஒரு கோடியே 67 இலட்சத்துக்கு மேல். கலர்த்தம்பி அவ்வளவையும் ஓய்வு பெறுவதற்குள் தீர்த்துவிடும் உத்தேசத்தில் இருக்கிறான்.

கோப்பு திறந்தால் பச்சை. மூடினால் வேறொரு பச்சை. இரண்டுக்கும் நடுவில் மாம்பழ மஞ்சள்.

“பிழை வந்தா என்ன நிறம் தம்பி?”

“சிவப்பு அண்ணை. தடிப்பா, மினுக்கி.”

“எச்சரிக்கை?”

“அதுவும் சிவப்புத்தான். ஆனா வேற சிவப்பு.”

எங்கள் பஸ் நிலையத்தில் திரியும் புள்ளிமானுக்குக்கூட ஒரே நிறப் புள்ளிதான்.

கடைசியில் 0 போட மறப்பது இந்த இனத்தின் குலவழக்கம். அவனுடைய செய்நிரல் ஓடி முடிந்த டெர்மினலில் நான் சும்மா திகதி கேட்டாலும், ஏதோ கப்பல் தாண்டுவிட்டதுபோலச் சிவப்பில் பதில் வரும்.

போன மாதம் மீன்வாடி முதலாளி ஒருவருக்குக் கணக்குச் செய்நிரல் எழுதிக் கொடுத்தான், அதிசயமாக வரிக்கு வரி 0 போட மறக்காமல். திரையில் பார்க்க மயில் தோகை. முதலாளியோ பட்டியலைக் கோப்பாக்கி, அச்சடித்துக் கொண்டுபோய்விட்டார். எழுத்து திரைக்குப் போகிறதா, கோப்புக்குப் போகிறதா என்று செய்நிரலே கேட்டறிய வழி இருக்கிறது. கோப்பென்றால் வண்ணக்குறிகளை விட்டுவிட வேண்டும். இவன் கேட்கவில்லை. மறுநாள் காலை முதலாளி தாளோடு வந்து நின்றார்.

“தம்பி, பாரை 31 மீற்றர் எண்டு போட்டிருக்கிறீங்கள். நான் கிலோவிலயல்லோ விக்கிறனான்?”

“அது மீற்றர் இல்லை ஐயா, சிவப்பு.”

“பாரை சிவப்போ?” கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னும் கிட்டப் பிடித்தார். “சரி, எல்லா வரியும் 0 மீற்றரிலதான் முடியுது. அப்ப எல்லாம் வித்துத் தீர்ந்துதெண்டு எடுக்கிறதோ?”

அது நல்ல சேதியாகத் தோன்றியதால் அவர் காசை எண்ணி வைத்துவிட்டுப் போனார். எனக்குத்தான் அன்று பின்னேரம்வரை மனம் கேட்கவில்லை.

வண்ணம் வேண்டாதவர்களுக்காக ‘நோ கலர்’ என்றொரு வழக்கம் 2017 முதல் இருக்கிறது. அந்தப் பெயரில் ஒரு சூழல் மாறியை அமைத்துவிட்டால், மதிக்கத் தெரிந்த செய்நிரல்கள் வெறும் எழுத்தில் பேசும். என் கணினியில் அமைத்தேன். கலர்த்தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. செய்நிரல் பேசியது, அதே ஏழு நிறத்தில்.

கோபம் ஆறட்டும் என்று ஒரு மாலை பிளேன்டீ குடிக்கக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். இருட்டும் நேரம் கப்பல் ஒன்று உள்ளே வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவரிடம் அந்த வெளிச்சங்களைப் பற்றிக் கேட்டான்.

“இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னுக்கு வெள்ளை. எது தெரியுதெண்டு பாத்தா, அவன் எந்தப் பக்கம் போறானெண்டு பிடிச்சிடலாம்.”

கலர்த்தம்பி வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் உண்மையான இரக்கம்.

“மூண்டு நிறத்தோட எப்பிடி ஐயா சமாளிக்கிறீங்கள்?”