இன்னும் ஒரே ஒரு தடவை

மினசோட்டாவின் முகாம் டிரெய்லர்காரரைக் குளிருக்குப் பயந்தவர் என்று அக்கம்பக்கத்தார் நினைப்பது தப்புக் கணக்கு. அக்டோபர் காலையில் அவர் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து வடிகால் மூடியைத் திருகும் கோலம் அப்படி நினைக்க வைக்கும்தான். ஆனால் நிஜமாகவே பயந்தவர் என்ன செய்வார்? செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, தொழிலாளர் தின விடுமுறை முடிந்த கையோடு தண்ணீரை வடித்து, தார்ப்பாயைப் போர்த்திவிட்டு, மே மாதம்வரை அந்தத் திசையில் தலைவைத்தும் படுக்கமாட்டார். நம்மவரோ ஒரே இலையுதிர்காலத்தில் மூன்று தடவை வடிக்கிறார். நடுவில் இரண்டு தடவை நிரப்பாமல் மூன்று தடவை வடிப்பது எப்படி? அவர் பயப்படுவதே இன்னொரு தடவை கிளம்புவதற்காகத்தான்.

தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்காதா, பயம் நியாயம்தானே என்று கேட்கலாம். நியாயம்தான். உறையும் தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கிறது; பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் நெளிந்து கொடுத்தாலும், இணைப்பும் பம்பும் கொடுப்பதில்லை. அதற்குத்தான் புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த அந்த ரோஸ் நிறத் திரவம். சில டாலர் சமாசாரம். முதலில் வெந்நீர்த் தொட்டிக்குப் போகும் வழியை அடைக்க வேண்டும். மறந்தால் 6 கேலன், அதாவது சுமார் 23 லிட்டர் திரவத்தைத் தொட்டியே குடித்துவிடும். பிறகு சமையல் குழாய், குளியல் குழாய், வெந்நீர், தண்ணீர் என்று ஒவ்வொன்றாகத் திறந்து, ரோஸ் கொட்டும்வரை கண்கொட்டாமல் நிற்க வேண்டும். மூடியபின் இவர் மறுபடி ஒரு தடவை திறந்து பார்ப்பார், நிறம் போதவில்லையாம். சார்ஜ் இறங்கிய பேட்டரி −7 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே உறையக்கூடும் என்பதால் அதைக் கழற்றி வீட்டு நிலவறையில் சார்ஜரோடு படுக்கவைப்பார். அப்படியும் தூக்கம் வராது. −45 டிகிரிவரை குழாய் வெடிக்காது என்கிறது புட்டி; மாநிலத்தின் வடக்கே டவர் என்ற ஊரில் 1996 பிப்ரவரி 2 அன்று −51 பதிவானது. தான் இருப்பது டவரில் இல்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல.

இவ்வளவும் முடிந்த மறுவாரம் வெயில் அடிக்கும். 15 டிகிரி என்கிறது வானிலை அறிக்கை. வாசல்வரை வந்து போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டியபடியே ஒரு மணி நேரம் பேசும் விருந்தாளியைப்போலத்தான் அந்த ஊர்க் கோடையும். உடனே திரவத்தைக் கழுவி ஊற்றி, தித்திப்பு போகும்வரை குழாயை ஓடவிட்டு, வண்டியைக் கொக்கியில் மாட்டிவிடுவார். குழாயைத் தொடாமல் கேனில் தண்ணீர் எடுத்துப் போகலாமே என்று மனைவி சொல்லிப் பார்ப்பதுண்டு. மறுக்க முடியாத யோசனை. அந்தச் சமயத்தில் முகாம்கள் பலவற்றில் குழாய்த் தண்ணீரையே நிறுத்தியிருப்பார்கள். கேனைத் தூக்குவதற்கு டிரெய்லர் எதற்கு, கூடாரம் போதாதா என்று சீறுவார். பட்டறையில் கொடுத்தால் கச்சிதமாகச் செய்துவிடுவார்களே என்றால் அதற்கும் மாட்டார். செலவுக்கு அஞ்சுபவர் இல்லை. மூன்று தடவை வாங்கிய திரவமே சாட்சி. பட்டறைக்காரன் ஒரே தடவைதான் செய்வான், ரசீதில் தேதி போடுவான். தேதி விழுந்தால் பருவம் முடிந்துபோகும்.

இத்தனை காவலுக்கும் தப்புவது ஒன்று உண்டு: வண்டிக்கு வெளிப்பக்கம், சின்னக் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஷவர். கடைசித் தடவை அவசரத்தில் அதைத் திறக்க மறந்திருப்பார். மே மாதம் தண்ணீரைத் திறந்ததும் பக்கச்சுவரிலிருந்து பொலபொலவென்று கொட்டும். இனிமேலாவது செப்டம்பரிலேயே மூடிவிடுங்கள் என்பார் மனைவி. இவருடைய ஆராய்ச்சி முடிவோ வேறு: டிசம்பரில் ஒரு தடவை கிளம்பியிருந்தால் அப்போதே கண்ணில் பட்டிருக்குமாம்.