குழாய்க்கு ஒரு மீன்தொட்டிக்காரனின் விண்ணப்பம்

அனுப்புநர்: மீன்தொட்டி வைத்திருக்கும் தமிழன் ஒருவன், மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் மாவட்டம்.

பெறுநர்: கேரள வாட்டர் அதாரிட்டி.

பொருள்: வாரந்தோறும் தண்ணீர் மாற்றுதல் – இலவசத் தொழில்நுட்ப ஆலோசனை வழங்குதல் – தொடர்பாக.

பார்வை: பாழூர் மோட்டார்கள், 2023.

ஐயா,

உபயகுசலோபரி. இங்கு மீன்கள் நலம். அங்கு மோட்டார்கள் நலமா?

நான் யார் ஆலோசனை சொல்ல என்று கேட்பீர்கள். தங்களுக்கும் எனக்கும் தொழில் ஒன்றுதான். தாமாக வெளியே போய்த் தண்ணீர் தேடிக்கொள்ள முடியாத உயிர்களுக்கு நல்ல தண்ணீரை வேளைக்குக் கொடுப்பது. தாங்கள் 1984 முதல் ஒரு மாநிலத்துக்குக் கொடுக்கிறீர்கள். நான் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டிக்கு, அறுபது லிட்டருக்குச் சற்றுக் குறைவாக.

தொட்டியின் நிர்வாகம் இப்படி. மீன் தின்கிறது, கழிக்கிறது, அம்மோனியா சேர்கிறது. ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் உடனே கொல்லும். மூன்றாவது சாவகாசமாகக் கொல்லும். அதை வெளியேற்ற வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை, அடியில் படிந்த கசடோடு சைஃபன் டியூபால் உறிஞ்சி எடுத்துவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு வாளி போதும். வற்றியதை மட்டும் ஊற்றி நிரப்பினால் அது மாற்றியதாகாது. தண்ணீர்தான் ஆவியாகும், அழுக்கு அப்படியே இருக்கும். அரசாங்கக் கோப்புகளுக்கும் இந்தக் குணம் உண்டு என்று கேள்வி.

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் நாலு கப்பி வாங்கப் போனாலும், "வீட்ல என்ன தண்ணி சார்? மெட்ரோவா, போரா, லாரியா?" என்று கேட்பார்கள். மெட்ரோ என்றால் குளோரின், போர் என்றால் உப்பு, லாரி என்றால் ஆண்டவன் விட்ட வழி. மட்டாஞ்சேரியில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. சுற்றிலும் காயல், கிணற்றில் உப்பு. குழாயை விட்டால் கதியில்லை. குழாய் வருவதற்கு முன் ஆலுவாப் பக்கத்துப் பெரியாற்றுத் தண்ணீரை வள்ளத்தில் ஏற்றிக் கொச்சிக்குக் கொண்டுவந்தார்கள். டச்சுக்காரர்களும் அப்படித்தான் குடித்தார்கள். வள்ளத்தில் மோட்டார் இல்லை. ஆகவே மோட்டார் பழுதும் இல்லை.

முன்னேற்றம் வந்தது. இப்போது மூவாற்றுப்புழை ஆற்றுத் தண்ணீரைப் பிறவத்தை அடுத்த பாழூரில் எடுத்து, மரடு நிலையத்தில் சுத்திகரித்து அனுப்புகிறீர்கள். 2023 ஜனவரிக் கடைசியில் பாழூரின் மூன்று மோட்டார்களில் இரண்டு படுத்துவிட்டன. மேற்குக் கொச்சி வாரக்கணக்கில் குடமும் கையுமாக டேங்கர் லாரிக்குக் காத்து நின்றது. அந்த ஆண்டு பிப்ரவரி 3 முதலே தண்ணீர்க் கட்டணம் லிட்டருக்கு ஒரு பைசா, அதாவது ஆயிரம் லிட்டருக்குப் பத்து ரூபாய், ஏறியது. நாக்கில் நரம்பில்லாதவர்கள் ஏதேதோ பேசினார்கள். எனக்கு அதில் தங்கள் கருணைதான் தெரிந்தது. எத்தனை லிட்டர் வரவில்லையோ அத்தனை பைசா மக்களுக்கு மிச்சம்.

ஒன்றில் மட்டும் நாங்கள் பத்தாம்பசலிகள். தொட்டி வைத்திருப்பவன் வீட்டு அலமாரியில் இன்னொரு ஏர் பம்பு இருக்கும். கரண்ட் போனால் ஓட பேட்டரியில் ஒன்று இருக்கும். பள்ளிக்கூடப் பையன்கூட அப்பாவிடம் அழுது வாங்கி வைத்திருப்பான். ஒரு பெரிய நகரத்தின் மேற்குப் பாதிக்குத் தண்ணீர் தள்ளும் இடத்தில், இரண்டு படுத்தால் உடனே ஓட மாற்று இல்லாமல் இருக்கும் துணிச்சல் எங்களுக்கு வராது.

அடுத்தது குளோரின். ஐ.எஸ். 10500 தரப்படி குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும். மனிதனுக்கு அது காவல். மீனின் செவுளுக்கோ அதில் பத்தில் ஒரு பங்கே வினை. அதனால் வாளியை ஒரு நாள் திறந்து வைப்போம். அவசரமென்றால் குளோரினை முறிக்கும் ஹைப்போப் படிகம் இரண்டைக் கரைப்போம். பிறகு சின்னக் குப்பியில் ஆர்த்தோடொலிடின் சொட்டு விட்டு, வெள்ளைக் காகிதத்துக்கு முன்னால் பிடித்து மஞ்சள் தட்டுகிறதா என்று பார்ப்போம். குழாயில் காற்று மட்டும் வரும் நாளில் மஞ்சள் தட்டுவதே இல்லை. அன்று குளோரின் அளவு பூஜ்யம். எல்லாத் தரக்கட்டுப்பாடும் நூற்றுக்கு நூறு.

சைஃபன் பிடித்த கைக்குத் தெரிந்த இன்னொரு விஷயம்: அழுத்தம் இல்லாத குழாய் சும்மா இருக்காது, உறிஞ்சும். விட்டு விட்டுத் தண்ணீர் விடும் ஊரில், நிறுத்திய நேரத்தில் குழாய் காலியாகி, கசியும் இணைப்பு வழியே சுற்றியுள்ள ஓடைநீரை உள்ளே இழுக்கும். மறுபடி திறக்கும்போது முதலில் வருவது அதுதான். மட்டாஞ்சேரி மாதிரி தாழ்ந்த, ஓடைகள் நெருங்கிய ஊரில் குழாய் நிரம்பி இருப்பதே முதல் சுத்திகரிப்பு. அதைச் செய்யாமல் எத்தனை பிளீச்சிங் பவுடர் கொட்டினாலும் பிணத்துக்கு வைத்தியம்தான்.

ஆகவே மீன்கள் சார்பில் மூன்று கோரிக்கைகள். ஒன்று, எங்கெல்லாம் மோட்டார் ஓடுகிறதோ அங்கெல்லாம் ஓடத் தயாராக ஒரு மாற்று மோட்டார். இரண்டு, நிறுத்துவதானாலும் குளோரினைக் கூட்டுவதானாலும் முதல் நாளே, வார்டு வாரியாக அறிவிப்பு. மூன்று, கடைக்கோடிக் குழாயில் அளந்த குளோரின் அளவை மக்கள் பார்க்கும்படி ஒட்டுதல். மூன்றையும் மீன்தொட்டி அளவில் செய்ய ஆயிரம் ரூபாய்கூட ஆவதில்லை. தங்கள் அளவில் கொஞ்சம் கூடுதலாக ஆகும். அதற்குத்தான் அந்த ஒரு பைசா.

ஒரு மாதம் தண்ணீர் மாற்றாமல் விட்டு மீன் செத்தால், தொட்டிக்காரன் மீனையோ மழையையோ மோட்டாரையோ குறை சொல்ல முடியாது. "உனக்கு எதுக்கய்யா மீன்?" என்று ஊரே கேட்கும். அந்தக் கேள்வியைத் தங்களிடமும் ஊர் கேட்கலாம், கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
கட்டணம் பாக்கி வைக்காத,
மட்டாஞ்சேரி மீன்தொட்டிக்காரன்.