பழந்துணி ஈகையும் பட்டன் அறுத்தலும்: ஒரு முன்னாய்வு

பழந்துணி ஏன் ஈயப்படுகிறது என்ற வினாவை இதுவரை எவரும் முறையாக ஆராயவில்லை. ஆராய்ந்தவர் உண்டெனில், அவர் முறை முறையன்று என்பதைப் பின்னர் நிறுவுவோம். இடம் போதாவிடில் நிறுவியதாகக் கொள்க.

ஈவோர் நால்வகையர். இரக்கத்தால் ஈவோர்: சொல்ல ஏதுமில்லை. பீரோ கதவு மூடாமையால் ஈவோர்: பெரும்பான்மையர். தீபாவளித் துணிக்கு இடம் தேடி ஈவோர்: முன்னவரின் உட்பிரிவே, தனி வகை என்று சாதிப்பவரோடு எமக்குப் பேச்சுவார்த்தை இல்லை. நான்காமவர், பாத்திரக்காரரால் கைவிடப்பட்டோர்.

தெருவில் பழைய துணிக்கு எவர்சில்வர் தருபவரைப் போன்ற துணி மதிப்பீட்டாளர் வேறு இல்லை. சட்டையை வெயிலில் விரித்துப் பார்ப்பார், காலரைத் தடவுவார், "இது ஆகாதும்மா" என்று ஒதுக்குவார். நாலு பேன்ட், ரெண்டு புடவை சேர்ந்தால் ஒரு கிண்ணம், மூடி கிடையாது. அவர் ஒதுக்கிய குவியலைக் கண்டதும் வீட்டாருக்கு ஏழைகள் நினைவு வந்துவிடும் (எதிர்வீட்டு மாமி, வாசற்படி நேர்காணல்). கொடை எதுவும் கைம்மாறு கோராமல் விடாது என்று 1925இல் எழுதிய பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ், மூடியில்லாக் கிண்ணத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

இனித் தலையாய பொருளாகிய பட்டன். சட்டையைத் தருமத்துக்குக் கட்டுமுன் பட்டன்களை அறுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. ரவிக்கைக் கொக்கி, பாவாடை நாடா, புடவை ஃபால்ஸ் ஆகியவற்றுக்கும் இதுவே விதி. சட்டை தானம், பட்டன் சொத்து. கழுத்துப் பட்டன் மட்டும் தப்புவது மரபா, மறதியா என்பதில் இரு கட்சி. மரபே என்பார் என் பெரியம்மா (மாடிப்படி உரையாடல், மூன்றாம் படி, மூச்சு வாங்கியபோது). மறதியே என்பார் அவர் மருமகள் (அதே உரையாடல், அடுக்களையிலிருந்து, தாழ்ந்த குரலில், குக்கர் விசிலுக்கும் விசிலுக்கும் நடுவே, பெரியம்மா கேட்ட பாடத்தில் இவ்வரி இல்லை). அறுத்த பட்டன்கள் பழைய பிஸ்கட் டப்பாவைச் சேரும். அதிலிருந்து எந்தச் சட்டைக்காவது பொருத்தமான பட்டன் கிடைத்ததாகச் சான்றில்லை. ஆயினும் டப்பா நிறைகிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகள் நூலகத்தில் நிறைவதும் இவ்வாறே. அவற்றிலும் பிறர் சட்டையில் அறுத்தவை மிகுதி.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் நம் கடலோரத்துக்கு வந்த பழந்துணி, தொடுவாரின்றிச் சாலையோரம் குவிந்து கிடந்தது. பாத்திரக்காரர் தள்ளியதை மீனவரும் தள்ளலாம் என்பது ஈந்தோர் எவருக்கும் தோன்றவில்லை.

இங்கிலாந்தில் ஈந்த பழந்துணியை விற்கவெனக் கடைகளே உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பிராட் தெருவில் ஆக்ஸ்ஃபாம் என்னும் அறநிறுவனம் 1940களிலேயே ஒன்றைத் திறந்துவிட்டது. இத்தகைய கடைகளில் விலைபோகாதவை எடைக்குப் போகின்றன. மேல்நாடுகள் கழித்த கம்பளித் துணி அரியானாவின் பானிபட்டுக்கு வந்து, கிழிபட்டு, நூலாகிப் போர்வையாகிறது. பேரிடர் நிவாரணத்துக்கு அப்போர்வைகளை வாங்குகிறார்கள். கிழிக்குமுன் அங்குள்ள பெண்கள் செய்யும் வேலை, பட்டனையும் ஜிப்பையும் அறுப்பது.

இதைப் பெரியம்மாவிடம் தெரிவித்தேன். "அந்தப் பட்டனையெல்லாம் என்ன பண்றாங்களாம்?" என்றார்.