சார் வர்றாங்க, சுண்ணாம்பு எடு!

மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா வந்தால் அண்ணா பூங்காவில் பூந்தொட்டிக்குக்கூடக் கணக்கு உண்டு. எத்தனை லட்சம் மலர், எத்தனை ரகம் என்று பத்திரிகைக் குறிப்பு வரும். தண்ணீர் ஊற்ற ஆள், வாடினால் மாற்ற ஆள், திறந்துவைக்க மந்திரி. அதே மலையில், வாழவந்திப் பக்கம் ஒரு வீட்டில், நாற்பது வயது மகனைக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிற எழுபது வயது அம்மா இருந்தால் அவர் எந்தக் குறிப்பிலும் வரமாட்டார். மகனுக்கு அறிவுசார் குறைபாடு. டேலியாவாகப் பிறந்திருந்தால் நிர்வாகம் கவனித்திருக்கும்.

கவனிக்கவே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ‘நாங்க போன பிறகு யாரு?’ என்று பெற்றவர்கள் கேட்டுக் கேட்டு 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். இவர்கள் ஊரோடு ஒருவராக வாழ உரிமை உள்ளவர்கள், இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கூடாது என்கிறது அதன் 5-ஆம் பிரிவு. அதற்கு அரசு ‘முயல வேண்டும்’ என்றும் பக்குவமாகச் சேர்த்திருக்கிறார்கள். முயல்கிறார்கள். உலக வங்கிக் கடனில் ‘உரிமைகள்’ திட்டம் முயல்கிறது. பாதுகாவலர் சான்று கொடுக்கக் கலெக்டர் தலைமையில் குழு முயல்கிறது. மலைக்காரர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கூட்டத்தைக் கண்டால் அலறுகிற மகனை பஸ்ஸில் ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். ‘டாக்டர் லீவு, அடுத்த வாரம் வாம்மா’ என்றால் மறுபடி 20 ஏற வேண்டும். மாத உதவி 2,000 ரூபாய். நாளுக்கு 66 ரூபாய் சொச்சம். ஒரு மனிதனுக்கு ராப்பகலாகக் காவலிருப்பதற்கு நாம் போட்ட கூலி.

அம்மா கண்ணை மூடினால்? ஹோம். ஒரு நீளமான ஹால், இரும்பு கேட், ஒரே நிறச் சட்டை, பேன் தொல்லைக்காக மொட்டைத் தலைகள். சுவரில் ஒரு காலண்டர், எந்தத் தேதிக்கு யார் வீட்டுப் பிறந்தநாள் சாப்பாடு என்று. பிரியாணி வாளிக்கு முன்னால் ஃபிளெக்ஸ் கட்டி முடிகிறவரை, மீசை நரைத்த ஆண்கள் தட்டைத் தொடாமல் சம்மணம் போட்டுக் காத்திருப்பார்கள். போட்டோ ஆனதும், ஒரு வயதுகூட நிரம்பாத யாரோ வீட்டுப் பிள்ளைக்கு ‘ஹேப்பி பர்த்டே’ பாட வேண்டும். பாடுகிறவர்களின் பிறந்தநாள்? ரெஜிஸ்டரில் பாதிப் பேருக்கு ஜனவரி 1. முகூர்த்த நாளில் மண்டபத்து மிச்சம் மூன்று அண்டா வரும், மறுநாள் ஹாலுக்கே வயிற்றுப்போக்கு. வெளியே வந்து நாம், ‘நல்லா கவனிச்சுக்கறாங்கப்பா’ என்போம்.

எப்போது தூங்குவது, எதை உடுத்துவது, பக்கத்தில் படுப்பவன் அடித்தால் யாரிடம் சொல்வது என்பதற்கெல்லாம் அந்த ரெஜிஸ்டரில் கட்டம் கிடையாது.

ஆய்வு உண்டே! முதல் நாளே போன் வந்துவிடும். சுண்ணாம்பு, ஃபினாயில், புதுப் பெட்ஷீட். ‘சார் கேட்டா நல்லாருக்குன்னு தலையாட்டணும்’ என்று ஒத்திகை. பேச வராதவர்களை வைத்து ஹோம் நடத்துவதில் இது ஒரு சௌகரியம், வசனம் மறக்காது.

விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ‘அன்புஜோதி’ என்றொரு ஆசிரமம் உரிமமில்லாமல் ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2023 பிப்ரவரியில் 140-க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். பாலியல் வன்கொடுமைப் புகார், குரங்கை விட்டுக் கடிக்கவைத்த புகார் என்று வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. இதைக் கண்டுபிடித்தது ஆய்வா? அங்கே சேர்த்த முதியவரைக் காணோம் என்று ஒருவர் உயர் நீதிமன்றம் வரை போனதால் வெளியே வந்தது. தேட ஆளில்லாதவன் தொலைந்தால் அது தொலைந்த கணக்கிலேயே சேராது.

அதற்கு முன் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, சங்கிலியில் கட்டிப்போட்ட 28 பேர் தீயில் செத்தார்கள். அவர்கள் மனநோயாளிகள். அது வேறு, இது வேறு. ஆனால் நம் பூட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மகாராஷ்டிரத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஷிரூர் அரசு விடுதியில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்கு மாதவிலக்கு சமயத்தில் சுத்தம் பார்க்க முடியவில்லை என்று, 1994-இல் புணே மருத்துவமனையில் கருப்பையை எடுத்தார்கள். துணி மாற்ற ஓர் ஆள் போடுவதைவிடக் கத்தி மலிவு!

ஆகாயத்துக் கோட்டையா கேட்கிறோம்? நாலு பேருக்கு ஒரு வீடு, அதுவும் அவரவர் ஊரில். ஒழுங்கான சம்பளத்தில் ஒரு துணையாள். வாசல் சாவி அவர்கள் கையில். காபிப்பழம் பறிக்கத் தெரிந்தவர் தோட்டத்துக்குப் போய் முழுக்கூலி வாங்கி வரட்டும். இப்போதும் பறிக்கவைக்கிறார்கள், சாயங்காலம் டீயும் வடையும் கொடுத்து ‘பாவம்’ என்கிறார்கள். அந்தப் பாவத்தில் ஒருவனுடைய முழுநாள் கூலி மிச்சம்.

இந்த வீடு இல்லாததால்தான் பெற்றவள் சாமியிடம், ‘நான் போறதுக்கு ஒரு நாள் முன்னாடி இவனைக் கூட்டிக்க’ என்று வேண்டுகிறாள். பெற்ற வாயால். ஒரு பைசா செலவில்லாமல் நாட்டில் நடக்கும் ஒரே வாழ்விடத் திட்டம் இதுதான். ரிப்பன் வெட்ட யாரும் வருவதில்லை.

ஆய்வுக்கு வருகிற ஐயா, அம்மா, ஒரு தடவை சொல்லாமல் வாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு வாருங்கள். ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து டீ குடிக்காதீர்கள். நேரே ஹாலுக்குப் போய், கதவின் தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே இருந்தால் அதை உங்கள் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு, நன்கொடையாளர் பெயர்ப் பலகைக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டுப் போங்கள்.